துணிச்சலுக்குப் பின்னால் ஒரு மாமனார்

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் யாரிடமாவது, "எப்படிங்க இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கதை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அவிநாசிக்கோ காங்கேயத்துக்கோ பக்கத்தில் மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கடன். படிப்பைப் பாதியில் விட்டு டவுனுக்கு வந்தது, கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கை உதவியாளாக, சேர்ந்து டெய்லராகிக் கட்டிங் மாஸ்டரானது, ஒன்றரை ஷிப்ட் இரண்டு ஷிப்ட் என்று ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தது. அப்புறம் நாலு மெஷின் வாங்கி, மின்சாரத்தில் ஓடும் தையல் மெஷின் வரிசையான பவர் டேபிள் போட்டது. இன்றைக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கண்டெய்னர் போகிறது. கேட்டால் புல்லரிக்கும். பொய்யும் இல்லை.

ஆனால் கதையின் நடுவில், மூச்சு வாங்குகிற இடத்தில், ஒரு வாக்கியம் வந்துபோகும். "அப்ப எங்க மாமனார் கொஞ்சம் பணம் கொடுத்தாருங்க." இல்லாவிட்டால், "தோட்டத்துப் பத்திரத்தை வெச்சு மச்சான் வாங்கிக் கொடுத்தாப்ல." சொல்பவர் அங்கே நிற்க மாட்டார், அடுத்த வாக்கியத்திலேயே உழைப்புக்குத் திரும்பிவிடுவார். மனிதர்கள் எதனால் வாழ்க்கையைத் திருப்பிப் போடுகிறார்கள் என்ற கேள்விக்கு, நிற்காமல் போன அந்த வாக்கியத்தில்தான் பாதி விடை இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆசை என்பது எல்லோரிடமும் இருக்கிற சரக்கு. சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டுபவருக்கும் ஆசை உண்டு, பல்லடத்தில் கோழிப் பண்ணையில் தீவனம் அள்ளிப் போடுபவருக்கும் உண்டு. பத்து வருடம், இருபது வருடம் என்று அது உள்ளுக்குள்ளேயே கிடக்கும். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அதைத் தட்டி எழுப்புவதாகச் சொல்லி மண்டபம் நிறைக்கிறார்கள். ஆனால் தட்டி எழுப்பப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் திங்கட்கிழமை அதே ஷிப்டுக்குத்தான் போகிறார்கள். அவர்களுக்குக் குறைவது ஊக்கம் என்று நான் நினைக்கவில்லை.

திருப்பூரைப் பற்றியே இதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. பின்னாளில், 2019-ல், பொருளியல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களை ஆராய்ந்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்த மண்ணின் நில உடைமைச் சமூகமான கவுண்டர்கள் நடத்தும் கம்பெனிகளையும், வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தும் கம்பெனிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் கூடுதல் முதலோடு தொழில் தொடங்கினார்கள். வெளியூர்க்காரர்கள் குறைந்த முதலோடு தொடங்கினாலும் வேகமாக வளர்ந்து, சில வருடங்களில் உற்பத்தியில் உள்ளூர்க்காரர்களைத் தாண்டிப் போனார்கள்.

இதைச் சோம்பேறி, சுறுசுறுப்பு என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் கைநழுவிவிடும். உள்ளூர்க்காரருக்குப் பணம் உறவுக்குள்ளேயே சுலபமாகக் கிடைத்தது. நிலத்திலிருந்து வந்த காசு, மாமன் மச்சான் என்று கைமாறி, பனியனுக்கு வந்து சேர்ந்தது. அதனால் நடுத்தரமான திறமை உள்ளவரும் துணிந்து இறங்க முடிந்தது. வெளியூர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர்களில் சராசரிக்கு மேலே இருந்தவர்தான் வந்து சேரவே முடிந்தது. வெளியில் இருந்து பார்க்கும் நமக்கு இரண்டு பேரிடமும் தெரிவது ஒரே துணிச்சல். இரண்டு துணிச்சலுக்கும் கொடுத்த விலை வேறு.

பிரிட்டனில் பிளான்ச்ஃபிளவர், ஆஸ்வால்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களின் குணநலன்களைத் தேடிப் பார்த்ததில் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. சிறு சொத்தோ அன்பளிப்போ கைக்கு வந்தவர்கள் தொழில் தொடங்க வாய்ப்பு அதிகம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அங்கே அது பாட்டி விட்டுப்போன பணம். இங்கே மாமனார்.

சரி, பணம் இருந்தும் நகராதவர்கள் ஏன் நகர்வதில்லை?

இதற்கு அவிநாசி, அன்னூர் பக்கத்துப் போர்வெல்களைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு காலத்தில் மாடு பூட்டிக் கமலையில் இறைத்த கிணறுகள்தான் அங்கே இருந்தன. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. அது கோவையில் பஞ்சாலைகளைப் பெருக்கியது. காலப்போக்கில் தோட்டங்களுக்குப் பம்புசெட்டையும் கொண்டுவந்தது. கிணறு ஆழமானது, கிணற்றுக்குள் போர் இறங்கியது, பிறகு கிணறே வேண்டாம், தனிப் போர் போதும் என்றானது. நூறு அடி இருநூறு அடி என்றிருந்தது ஆயிரம் அடியைத் தாண்டியது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வருவார், திருச்செங்கோட்டு ரிக் வண்டி வரும், ராத்திரியெல்லாம் ஓட்டுவார்கள். காலையில், "தண்ணி இல்லீங், வெறும் புகைதான் பறந்துச்சு."

அறிவுக்கணக்குப்படி அந்த இடத்தோடு நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்துவதில்லை. கிழமூலையில் ஒன்று பார்க்கலாம் என்பார்கள். நகையை வைத்து இரண்டாவது, பங்காளியிடம் கைமாற்று வாங்கி மூன்றாவது. டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் முன்வைத்த கோட்பாடு இதைத்தான் பேசுகிறது. ஆயிரம் ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம் ஆயிரம் ரூபாய் போன வருத்தத்துக்கு. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அவர்கள் சொன்னார்கள்: லாபத்தில் இருக்கும்போது மனிதர்கள் பத்திரமாக நடப்பார்கள், நஷ்டத்தில் விழுந்தபின்தான் சூதாடுவார்கள். விட்டதைப் பிடிக்க.

ஆகவே கஷ்டம் வந்தால் மனிதன் மாறுவான் என்பது அரைகுறை உண்மை. கஷ்டம் வந்தால் அவன் முதலில் பழைய வழியிலேயே இன்னும் பெரிதாகப் பணயம் வைப்பான். வெளியே இருக்கும் மகன், "அதை வித்துட்டு இங்க வந்துருங்கப்பா" என்று போனில் சொல்லும்போது அப்பாவுக்குக் கோபம் வருவது அதனால்தான். பையன் வரவைப் பற்றிப் பேசுகிறான். கிழவருக்குக் காதில் விழுவது, கையில் இருப்பதை விட்டுவிடு என்பது. வறண்ட குளங்களுக்குப் பவானி ஆற்று உபரி நீரைக் கொண்டுவருவதாகப் பல வருடங்களாகப் பேசப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டபோது, இதற்குள் எத்தனை பேர் தோட்டத்தை விற்றிருப்பார்கள், எத்தனை பேர் இந்தத் தண்ணீரை நம்பியே விற்காமல் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு வராமல் இல்லை. வரப்போகிறது என்ற நம்பிக்கையும் ஆளை நகரவிடாது.

வழி முழுசாக அடைபட்டால்? அதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. நொய்யலில் பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற உத்தரவு சரியாக நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

அப்போது ஊரே தொழில் மாறியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. சிலர் துணியை வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். வேறு சிலர் ஈரோடு, நாமக்கல் பக்கம் போய் மறைவாகப் பட்டறை நடத்திப் பிடிபட்டார்கள். மற்றவர்கள் கடனை வாங்கிச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சீர்படுத்தக் காத்திருந்தார்கள். கூலிக்காரர்கள்தான் உடனே மாறினார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் காத்திருக்க வசதியில்லை. ஊருக்குத் திரும்பினார்கள், கிடைத்த வேலைக்குப் போனார்கள். பட்டறை முதலாளிகளில் தொழிலையே மாற்றியவர்களுக்கு அதற்கு முன்பே வேறொரு காலும் ஊன்றியிருந்தது: ஒரு கோழிப் பண்ணை, ஒரு லாரி, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு.

நொய்யல் கரையில் நிலம் வைத்திருந்தவர்கள் அதற்கெல்லாம் முன்பே மாற்றப்பட்டிருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போனால் நியாயமில்லை. கிணற்றில் உப்பும் சாயமும் ஏறி, போட்ட பயிர் வராமல், அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பனியன் கம்பெனிக்கே வேலைக்குப் போனதுண்டு. அவர்கள் கதையை யாரும் தன்னம்பிக்கை மேடையில் சொல்வதில்லை.

இன்னொரு விதமான மாற்றம் இருக்கிறது. அதில் நஷ்டமும் இல்லை, நெருக்கடியும் இல்லை. கண்ணில் ஒன்று பட்டுவிடும், அவ்வளவுதான். சூலூர் பக்கம் கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதை வாங்கியே தீருவது என்று கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, வாங்கி, கழற்றி, மறுபடி மாட்டினார். 1920-ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டினார். 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவையில் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. கொங்கு நாட்டில் மெஷின் ஆசைக்கு மூலபுருஷர் என்றே அவரைச் சொல்லலாம். ஆசை ஒன்றே போதும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று தோன்றும். ஆனால் அந்த முதல் பஸ்ஸுக்குப் பின்னால் கோவையின் ஆலை அதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவி இருந்தது. நாயுடுவின் மேதைமையை இது குறைக்காது. சர்வர் வேலையில் மோட்டார் சைக்கிள் வாங்கலாம். பஸ் வாங்க ஒரு கை வேண்டியிருந்தது.

தாங்கிப் பிடிக்க ஒருவரும் இல்லாமல் இறங்கியவருக்கும் கோவையிலேயே உதாரணம் உண்டு. அருணாசலம் முருகானந்தம் 1998-ல், கல்யாணமான புதிதில், மனைவி மாதவிலக்குக்குப் பழந்துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்தார். ஒர்க் ஷாப் வேலைக்காரர், சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். மலிவான நாப்கின் மெஷினைச் செய்து முடிப்பதற்குள் மனைவி பிரிந்தார், அம்மாவும் வீட்டைவிட்டுப் போனார், ஊர் ஒதுக்கியது. பிற்பாடு எல்லோரும் திரும்பினார்கள். 2016-ல் பத்மஸ்ரீயும் வந்தது. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் கடைசி வரியிலிருந்து தொடங்கிச் சொல்கிறோம். நடுவில் இருந்த வருடங்களில் அவரைப் பார்த்த யாராவது, "நானும் இப்படி இறங்கறேன்" என்று சொல்லியிருப்பார்களா?

எடுத்துக்காட்டு வேலை செய்வது பக்கத்திலிருந்துதான். திருச்செங்கோட்டில் ஒருவர் ரிக் வாங்கி வடநாடு போய்ச் சம்பாதித்து வீடு கட்டினால், அந்த வீட்டைப் பார்த்து அடுத்த தெருவில் ரிக் வாங்குவார்கள். நாமக்கல், சங்ககிரியில் லாரி, நாமக்கல்லில் முட்டை, பல்லடம், உடுமலையில் கறிக்கோழி. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு தொழிலாகத் திரண்டு நிற்பதற்கு மண்வாகு மட்டும் காரணமில்லை. தெரிந்தவர் போன வழியில் எத்தனை குழி என்று கேட்டுக்கொள்ளலாம். டீசலுக்கு எவ்வளவு ஆகும், எந்த ஊரில் பணம் தராமல் இழுப்பார்கள், டிரைவர் எங்கே கிடைப்பார் என்பதையெல்லாம் மொய் வைக்கப் போன கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் கேட்டுவிடலாம். முன்பின் தெரியாத கோடீஸ்வரரைவிட நம்மைப் போலவே ராகிக் களி தின்று வளர்ந்த மாப்பிள்ளை ஒருவர் லாரி வாங்குவதுதான் ஆளை உசுப்பிவிடும்.

பெருமையும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. கடந்த இருபது முப்பது வருடங்களில் கொங்கு இளைஞர்களைத் தோட்டத்திலிருந்து வெளியே துரத்தியதில் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அடுத்தபடி பெண் பஞ்சத்துக்கு இடமுண்டு. பத்து ஏக்கர், கிணறு, தென்னை, காங்கேயம் மாடு எல்லாம் இருந்தும் "பையன் என்ன பண்றாப்ல?" என்ற கேள்விக்கு "பண்ணையம் பார்க்கறான்" என்று பதில் வந்தால் ஜாதகம் திரும்பி வந்துவிடும். பெண் வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்துச் சாளை வீட்டில் வாழ்க்கைப்பட்டு விடியும் முன் மாடு கட்டும் கட்டுத்தாரையில் சாணி அள்ளிய அம்மாதான், மகளுக்கு அது வேண்டாம் என்கிறாள். கூடவே பழைய பாவமும் சேர்ந்துகொண்டது: மேற்கு மாவட்டங்களில் பெண் குழந்தைகள் பிழைத்திருப்பதே பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு, 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது சும்மா அல்ல. அன்று பிறக்காமல் போன பெண்களுக்காக இன்று பாலக்காட்டுப் பக்கம் தரகர் தேடுகிறார்கள். வேலைக்காக இல்லாவிட்டாலும், சம்பளச் சீட்டு ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே கோவையில் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை தோட்டம் பார்க்கிற பையன்கள் இருக்கிறார்கள்.

இத்தனையும் கூடி வந்தபின்னும் கடைசி அடி எடுத்து வைக்கப் பலரால் முடிவதில்லை. அந்த இடத்தில்தான் சாமி வருகிறது.

கொங்குக் கோயில்களில் பூக்கேட்பது இன்றைக்கும் நடக்கிற காரியம். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாக இலையிலோ காகிதத்திலோ மடித்துச் சாமி முன்னால் போட்டு, சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் உத்தரவு. பெண் எடுக்கலாமா, போர் போடலாமா, தொழிலை மாற்றலாமா என எல்லாவற்றுக்கும் கேட்பதுண்டு. காங்கேயம் சிவன்மலை முருகன் கோயிலில் இருக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்கும் இதே முறைதான்: பக்தர் ஒருவர் கனவில் வந்த பொருளைச் சொன்னால், பூக்கேட்டு உத்தரவு கிடைத்தபின்தான் அதைப் பெட்டியில் வைப்பார்கள்.

படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் கிட்டத்தட்ட இதையே ஆராய்ச்சியாகச் செய்தார். வேலையை விடுவதா, உறவை முறிப்பதா என்று தவித்துக்கொண்டிருந்தவர்களை இணையத்தில் காசு சுண்டவைத்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுண்டல்கள். தலை விழுந்தால் மாறு, பூ விழுந்தால் இருக்கிறபடியே இரு. தலை விழுந்தவர்கள் உண்மையிலேயே கூடுதலாக மாறினார்கள். பெரிய முடிவுகளில், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, மாறியவர்கள் மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

காசுக்கோ பூவுக்கோ எதிர்காலம் தெரியும் என்று இதற்கு அர்த்தமில்லை. காசு சுண்ட வந்தவர்கள் ஏற்கெனவே தராசின் நடு முள்ளில் நின்றவர்கள்; பூக்கேட்க வருகிறவரும் அப்படித்தான். திருப்தியாக இருப்பவன் கேட்க வருவதில்லை. தோற்றால் "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்கப்போகிற பங்காளிகளுக்கு ஒரு பதில் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது: சாமி சொல்லித்தான் செய்தேன். தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடுவதும், ஆடி போகட்டும் என்று காத்திருப்பதும் இதே வகைதான். பழைய கணக்கை மூடிப் புதுக் கணக்கு போட ஒரு தேதி தேவைப்படுகிறது. காலண்டரின் முக்கிய நாட்களை ஒட்டி மனிதர்கள் புதுப் பழக்கங்களைத் தொடங்குவதை 2014-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் ஊர் ஜோசியர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதுவரை பேசியதெல்லாம் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்கிறவர்களைப் பற்றி. கொங்கு நாட்டின் தொழில் முழுக்க அப்படிப்பட்டவர்களால் ஆனதல்ல. மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் தங்கி நூல் ஓட்டினால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லித் தென் மாவட்டங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட பெண்கள் ஏராளம். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பேர். பதினாறு, பதினேழு வயதில் ஊரைவிட்டு வருவது எவ்வளவு பெரிய மாற்றம்! அந்தப் பெண்ணிடம் "உன்னை எது ஊக்குவித்தது?" என்று கேட்டால் என்ன சொல்வாள்? தீர்மானித்தது அப்பாவின் கடனும் அக்காவின் கல்யாணமும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூர் ஸ்டேஷனில் பையோடு இறங்குகிற பையன்களுக்கும் ஊரில் ஒரு கடன் இருக்கும். முன்னால் வந்த அண்ணன் ஒருவரின் போன் நம்பரும் இருக்கும். கெட்டும் பட்டணம் சேர் என்ற பழமொழி அவர்களுக்காகச் சொன்னதுபோலவே இருக்கிறது.

பரம்பரையாகப் பண்ணையத்தில் கூலிக்கு இருந்த அருந்ததியர் குடும்பங்களுக்குக் கதை வேறு. அடமானம் வைக்கப் பத்திரம் இல்லை, மாமனாரும் கூலிக்காரர்தான். பனியன் கம்பெனி அவர்களுக்குச் சம்பளம் தந்தது, தோட்டத்து எஜமானின் நிழலிலிருந்து வெளியே வரும் வழியையும் தந்தது. அது சாதாரண விடுதலை அல்ல. ஆனால் டெய்லரிலிருந்து பவர் டேபிளுக்குத் தாவும் அந்த ஒரு படி அவர்களுக்கு மட்டும் ஏன் அத்தனை உயரமாக இருந்தது என்பதை உழைப்புக் கதை விளக்காது. ஷிப்டுக்கு ஷிப்ட் அவர்களும்தான் நின்றார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு மாமனாரின் இடத்தில் இருப்பது ஏலச்சீட்டு, மகளிர் குழுக் கடன், அடகு வைத்து மீட்ட கம்மல், கடைசியாக பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி. வேலையை விட்டு நின்று, பி.எஃப். பணத்தை எடுத்து, தையல் மெஷின் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்வது தொழிலாளிப் பெண்களுக்குத் தெரிந்த ஒரு வழி. 2016-ல் மத்திய அரசு பி.எஃப். பணத்தை முழுசாக எடுப்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தது. முதலாளியின் பங்கு 58 வயதுவரை கைக்கு வராது என்ற நிலை. முதுமைக்குப் பாதுகாப்பு என்பது அரசின் வாதம், காகிதத்தில் நியாயமானதும்கூட. ஏப்ரலில் பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்தார்கள். சங்கம் கூட்டிய போராட்டம் அல்ல அது. சம்பள உயர்வும் கேட்கவில்லை. இரண்டாவது நாளே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.